ஆணி துளைத்த அரை நிமிடம்

1952ஆம் ஆண்டு, மாசி மாதம். ரப்பர் மரங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும் பருவம். காய்ந்த சருகுகளின்மேல் லாரி ஏறினால் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை எழும். அந்தப் பருவத்தில்தான், மலாயாவில் மெர்போக்கை அடுத்த ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தின் வாசலில், ஜேன் அழகம்மாவை முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட, அவருடைய கையில் அகப்பட்டாள் என்று சொல்வதே பொருந்தும்.

ஜேனுக்கு அப்போது இருபத்தொரு வயது. சுங்கைப் பட்டாணியில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்திருந்தாள். காட்டில் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் நான்காம் ஆண்டில் இருந்தது. தொழிலாளர்களின் லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு ஒரே வாசல். வாசலருகே சாக்குப் படுதா கட்டிய ஒரு மறைப்பு. ஆண்களைக் காவலர்கள் சோதித்தார்கள். பெண்களைச் சோதிப்பவர் அழகம்மா. கொண்டை, முந்தானை, ரப்பர் பால் வாளியின் அடிப்பக்கம் என ஒன்றும் அவர் கைக்குத் தப்பாது. ஒரு பிடிச் சோறுகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது. போனால் அது காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போகிறது என்றே கணக்கு. உள்ளே வரும் தகர டப்பாக்களுக்கும் ஒரு விதி இருந்தது. மூடியில் ஆணியால் ஓட்டையிட்ட பிறகே அவற்றை விடுவார்கள். ஓட்டை விழுந்த டப்பா இரண்டு நாளில் கெட்டுவிடும்; காடு வரைக்கும் போய்ச் சேராது.

"பையில என்ன டீச்சர்?"

"பால் டப்பா. அம்மா கொடுத்து அனுப்பினது."

"கடைக்காரன் ஓட்டை போடலியே." அழகம்மா இடுப்பிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். கீழே கிடந்த கல்லால் ஓங்கி ஓர் அடி. பால் துளிர்த்தது.

ஜேனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பால்தானே அக்கா! துப்பாக்கியா கொண்டு வந்தேன்?"

"துப்பாக்கின்னா எனக்கு வேலையில்லை, சார்ஜண்டு பாத்துக்குவாரு. பால்னாத்தான் நான் பாக்கணும்." அழகம்மாவின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுமையும் இல்லை. "நாளைக்குள்ள குடிச்சிடுங்க. எறும்பு வந்துரும்."

அழகம்மாவோடு அந்தத் தோட்டத்தில் எவரும் பேசுவதில்லை என்பதை ஜேன் ஒரு வாரத்துக்குள் தெரிந்துகொண்டாள். காரணத்தைச் சொன்னவள் பரஞ்சோதி. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்களில் மிக வேகமான கையும், அதைவிட வேகமான நாக்கும் அவளுக்குத்தான்.

"அவகூட என்ன பேச்சு டீச்சர்? புருஷனைப் புடிச்சவன்கிட்டயே சம்பளம் வாங்கித் திங்கிறவ!"

அழகம்மாவின் கணவர் அய்யாவு, சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில், பசியாறுவதற்காக வேட்டி மடிப்பில் ஒரு சோற்றுப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு பால் வெட்டப் போனார். விதி வந்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது; பழக்கத்தில் மறந்துவிட்டார். சாலையில் ரோந்து வந்த பட்டாளத்தார் பிடித்தார்கள். தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போன குற்றத்துக்காகப் பரஞ்சோதியின் தம்பியையும் அன்றே பிடித்தார்கள். இருவரும் ஒரே லாரியில் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். அடுத்த வாரமே அழகம்மா துரையின் பங்களாவுக்குப் போய், வாசலில் சோதிக்கும் வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டு வாங்கினார். தோட்டம் அதை மன்னிக்கவில்லை.

பங்குனியில் ஒரு மாலை, அழகம்மா பள்ளிக்கூடத்துப் படியருகே வந்து நின்றார். முகாமுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதலாம் என்றும், தமக்கு எழுதத் தெரியாது என்றும் சொன்னார். ஜேன் தாளை எடுத்தாள். 'நலம், நலமறிய ஆவல்' என்ற தொடருக்கு மேல் கடிதம் நகரவில்லை. வேலியைப் பற்றி எழுதக்கூடாது. வேலையைப் பற்றி எழுதக்கூடாது. யார் வந்தார், யார் போனார் என்று எழுதக்கூடாது. எழுதினால் தணிக்கைக்காரர் கறுப்பு மையால் அடித்துவிடுவார்.

"இந்த வேலைக்கு ஏன் போனீங்க அக்கா?" என்று ஜேன் கேட்டே விட்டாள்.

"என் கையில ஒரு பிடிச் சோறு அகப்பட்டா, வீட்டுல வச்சிட்டு வாடின்னு திட்டி அனுப்புவேன். ரோட்டுல பட்டாளத்தான் கையில அகப்பட்டா லாரியில ஏத்திடுவான். அன்னிக்கு வாசல்ல நான் நின்னிருந்தா அவரு போயிருக்க மாட்டாரு."

"இதைத் தோட்டத்துல மத்தவங்ககிட்டச் சொல்லலாமே?"

"யாருகிட்டச் சொல்றது? என் முன்னால வந்தா கையைத் தூக்கிக்கிட்டு வானத்தைப் பாக்குறாங்க."

சித்திரை மாதம் படவண்டி வந்தது.

தகவல் இலாகாவின் அந்த வண்டியை நடத்தி வந்தவன் எர்னஸ்ட் என்ற இளைஞன்; அலோர் ஸ்டார்க்காரன். பந்துத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டி, இருட்டியதும் படம் காட்டுவான். முதலில் அரசாங்கத்தின் செய்திப் படம். அதை முழுவதும் பார்க்கவைப்பதற்குக் கூலியாகத் தமிழ்ப் படம். ஆனால், துணைக்கு வந்த கவச வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஆகவே, படத்தில் இரண்டு மூன்று சுருள்களை மட்டும் ஓட்டிவிட்டு, "மீதி அடுத்த மாசம்!" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் புறப்படுவான். ஜனங்கள் அவனை வாழ்த்துவதும் வைவதும் ஒரே மூச்சில் நடக்கும்.

அது சோழர் காலத்துக் கதை என்று படத்தில் சொன்னார்கள். கடாரத்து இளவரசியின் குரலை ஒரு மந்திரவாதி களவாடி, வலம்புரிச் சங்கு ஒன்றுக்குள் அடைத்து, மலையுச்சியில் ஒளித்துவைக்கிறான். கப்பலில் வந்த சோழ நாட்டு இளவரசன் அந்தச் சங்கைத் தேடிப் போகிறான். கடாரம் என்பது இந்தக் கெடாதான் என்று எர்னஸ்ட் ஒலிபெருக்கியில் விளக்கியதும் கூட்டம் குதூகலித்தது. அவர்களுடைய ஜெராய் மலை அங்கேயே, திடலுக்கு வடக்கே, கறுப்பாக நின்றுகொண்டிருந்தது.

"நம்ப மலையா அது? அட்டைக்கடி வாங்காம ஏறிட்டானேலா!" என்று ஒருவர் கத்த, திடலே சிரித்தது.

மறுநாள் அழகம்மா கடிதம் எழுத வந்தபோது அவருடைய முகம் மலர்ந்திருந்தது. சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. தணிக்கைக்காரரும் சங்குக் கதையை அடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல ஜேன் எழுதினாள்.

"இளவரசன் இடது கையால வாளை உருவினான்..."

ஜேனின் பேனா நின்றது. "இடது கையா? வலது கைதானே அக்கா?"

"இல்லை டீச்சர், இடது கைதான். நல்லாப் பாத்தேன்."

சற்று யோசித்த பிறகே ஜேனுக்கு விளங்கியது. அழகம்மாவுக்கு முன்பக்கத்தில் பாய் விரிக்க ஒருவரும் இடம் விடவில்லை. அவர் துணியின் பின்பக்கத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் உலகமே இடம் வலமாக மாறியிருக்கும். ஜேன் 'இடது கையால்' என்றே எழுதினாள். அடுத்த மாதம் தன் பாயை எடுத்துக்கொண்டு துணியின் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

வைகாசி, ஆனி, ஆடி என மாதத்துக்கு ஒரு பகுதியாகக் கதை வளர்ந்தது. மாதத்துக்கு ஒரு கடிதமாக அது முகாமுக்குப் போனது. அய்யாவு பதில் எழுதினார். தாம் படிப்பதைப் பக்கத்துப் படுக்கைக்காரர்களும் கேட்கிறார்கள் என்றும், பரஞ்சோதியின் தம்பி சங்கைப் பற்றித் தினமும் விசாரிக்கிறான் என்றும் சொல்லி, முடிவைச் சீக்கிரம் எழுதும்படி கேட்டிருந்தார். ஜேன் அதைப் படித்துக் காட்டியபோது அழகம்மா இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு மூன்றாம் முறையும்.

ஆவணியில் கடைசிப் பகுதி. அன்றுதான் அந்தத் தவறு நடந்தது.

அதுவரையில் படச்சுருள்கள் பூட்டிய மரப்பெட்டிக்குள்தான் வந்துகொண்டிருந்தன. அழகம்மா அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. முந்தின தோட்டத்தில் பெட்டியின் அடிப்பலகை பெயர்ந்துவிட்டதால், எர்னஸ்ட் அவற்றை ஒரு சாக்கில் போட்டுக் கட்டியிருந்தான். அனுமதிச் சீட்டில் துரையின் கையெழுத்தை வாங்க அவன் பங்களாவுக்குப் போய்விட்டான். வாசலில் சாக்கை அவிழ்த்தால், தட்டையான வட்ட டப்பாக்கள். மூடியில் ஓட்டை இல்லை.

"தம்பி, இது பிஸ்கட்டு டப்பா மாதிரில்ல இருக்கு?" என்று அழகம்மா காவலர் மனோகரனைக் கேட்டார்.

மனோகரன் எட்டிப் பார்த்தான். "என்னவா இருந்தா என்ன அக்கா? உள்ள வர்ற தகரம் அத்தனைக்கும் ஓட்டைன்னு நேத்துத்தானே சார்ஜண்டு கத்துனாரு. அடிங்க."

அழகம்மா மேலே இருந்த டப்பாவை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். ஆணி இறங்கியது. அடுத்த டப்பாவுக்குக் கை நீண்டபோது, பங்களா மேட்டிலிருந்து எர்னஸ்ட் செருப்பு ஒருபக்கம், தான் ஒருபக்கமாக ஓடிவந்தான்.

"ஐயோ அக்கா! அது பிஸ்கட்டு இல்லை, இளவரசி!"

ஆணி விழுந்தது கடைசிச் சுருளில். எர்னஸ்ட் வண்டியின் படியில் உட்கார்ந்து, கிழிந்த இடங்களையெல்லாம் கத்தரியால் வெட்டி, பசை தடவி ஒட்டினான். வெட்டிய துண்டுகளை அளந்து பார்த்தால் அரை நிமிடப் படம். "கொஞ்சந்தான் போச்சு, ஒண்ணும் தெரியாது" என்று அவன் ஜேனிடம் சொன்னான். சொன்னானே தவிர, எந்த அரை நிமிடம் என்பது அவனுக்கும் தெரியாது.

அன்று மாலை திடல் நிறைந்திருந்தது. மந்திரவாதி கீழே விழுந்தான். இளவரசன் சங்கோடு அரண்மனைக்கு வந்தான். வாளாலும் நெருப்பாலும் திறக்க முடியாத சங்கு. இளவரசி ஊமையாக நிற்கிறாள். இளவரசன் சங்கைக் கையில் உயர்த்தினான். உடனே, ஒரு 'டக்' ஓசை. திரையில் மாலையும் கழுத்துமாக இருவரும் ஊஞ்சலில் அமர்ந்து, கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

திடலில் ஒரே இரைச்சல்.

"டேய், எப்படிடா பேசினா?"

"சங்கு எங்கடா போச்சு?"

"அஞ்சு மாசமாக் காத்திருந்தோமே, பாவி!"

எர்னஸ்ட் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டான். ஆணியைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை, திறந்தவன் மனோகரன். துணியின் பின்னால் அழகம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். முன்பக்கத்திலிருந்து பறந்து வந்த வசவு ஒன்றும் அவர் காதுக்குத் தப்பவில்லை. ஜேன் அவருடைய கையைப் பிடித்தாள். அது குளிர்ந்திருந்தது.

"அவருக்கு என்னன்னு எழுதுவேன் டீச்சர்?" என்று கேட்டார். படம் அந்த வாரமே பேராக்குக்குப் போகிறது. வேறு பிரதி கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் ஜேனுக்குப் பயம். பெண்கள் வாசலில் ஏதாவது செய்துவிடுவார்களோ என்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றாள். வரிசையில் முதலாவதாக நின்றவள் பரஞ்சோதி. வழக்கம்போல் இரு கைகளையும் தூக்கினாள். ஆனால், அன்று வானத்தைப் பார்க்கவில்லை.

"எங்க மடியெல்லாம் தடவுறியே, அந்த அரை நிமிஷத்தை உன் எந்த மடியிலடி ஒளிச்சு வச்சிருக்க?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஓர் ஆண்டுக்கு மேலாக எந்த ஏச்சுக்கும் வாய் திறக்காத அழகம்மா, அன்று நிமிர்ந்தார்.

"என் மடியில இருந்தா அவருக்கு எழுதியிருக்க மாட்டேனா பரஞ்சோதி? அஞ்சு மாசமாக் கதையைக் கடுதாசியில அனுப்பிக்கிட்டு இருக்கேன். முடிவைக் கேட்டு அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. உன் தம்பியும் பக்கத்துல படுத்துக்கிட்டுத்தான் கேக்குறான்."

பரஞ்சோதியின் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. முகாமுக்குப் போனதிலிருந்து அவளுடைய தம்பியிடமிருந்து ஒரு வரிகூட வந்ததில்லை.

"எந்தம்பியா?"

"தினமும் சங்கைப் பத்தி விசாரிக்கிறானாம். டீச்சரைக் கேளு."

ஜேன் தலையசைத்தாள். பரஞ்சோதி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்த கையோடு அதட்டினாள்.

"அப்புறம் என்னடி முழிச்சிக்கிட்டு நிக்கிற? எழுது! அவன் சங்கை மந்திரவாதி மண்டையில போட்டு உடைச்சான்னு எழுது!"

"மந்திரவாதிதான் முன்னாடியே செத்துட்டானேக்கா" என்று வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

"செத்தவன் மண்டையில உடைச்சா உடையாதா?"

"அவ கண்ணீர் பட்டு உடைஞ்சிருக்கும்."

"கண்ணீர் பட்டு உடையறதுக்கு அது என்ன சங்கா, அப்பளமா?"

லாரிக்காரர் ஒலியெழுப்பினார். மனோகரன் கத்தினான். அன்று தோட்டத்தில் காலைப் பெயர்க் கணக்கெடுக்கும் பெரட்டுக்கே கால் மணி நேரம் தாமதம். ஆனாலும், சோதனை நிற்கவில்லை. ஒரு கொண்டைக்குள் இருந்த உப்புப் பொட்டலத்தை அழகம்மா எடுத்து, "வீட்டுல வச்சிட்டு ஓடி வா" என்றார். அந்தப் பெண் முதன்முறையாக, "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மூன்று நாள் இப்படியே நடந்தது. வாசலில் கைகளைத் தூக்கும் ஒவ்வொருத்தியும் ஒரு முடிவைச் சொன்னாள். அடுத்தவள் அதைக் கெடுத்தாள். நான்காம் நாள் பரஞ்சோதி சலித்துப் போய், "நீதானே ஆணி அடிச்ச, நீயே சொல்லு" என்றாள்.

அழகம்மா ஒரு கணம் தயங்கினார். "எனக்கு என்ன தோணுதுன்னா, அவன் சங்கை உடைக்கவே இல்லை. அவ காதுகிட்டக் கொண்டு போய் வச்சான். உள்ளேருந்து அவ குரலே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு. கூப்பிட்டதும் அவ, 'என்ன?'ன்னு கேட்டா. அவ்வளவுதான்."

வரிசையில் வாளிகள்கூட இடித்துக்கொள்ளவில்லை.

"அது சரிதான்" என்றாள் பரஞ்சோதி. "கூப்பிட்டா யாரும், 'என்ன'ன்னு கேக்கத்தானே செய்வாங்க. அதையே எழுது."

அன்று மாலை ஜேன் அதையே எழுதினாள். பரஞ்சோதியும் கூட வந்திருந்தாள். தம்பிக்கு இரண்டு வரி சேர்க்கச் சொன்னாள். ஒன்றரை மாதம் கழித்து அய்யாவின் பதில் வந்தது. முகாமில் தம்முடைய கொட்டகைக்காரர்கள் அத்தனை பேரும் முடிவை ஒப்புக்கொண்டார்கள் என்றும், பரஞ்சோதியின் தம்பி மட்டும் மந்திரவாதிக்கு இன்னும் நாலு அடி கொடுத்திருக்க வேண்டும் என்று சாதிக்கிறான் என்றும் எழுதியிருந்தார். அதை வாசலில், வரிசையின் முன்னால் படிக்கும்படி பெண்கள் கேட்டார்கள். ஜேன் படித்தாள்.

"எந்தம்பிதான், சந்தேகமே இல்லை" என்றாள் பரஞ்சோதி.

அடுத்த படத்துக்கு முன்பக்கத்தில் அழகம்மாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவரோ பழக்கத்தில் பின்பக்கம் போய்விட்டார். சிறிது நேரத்தில் பரஞ்சோதி பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே வந்தாள். "அந்தப் பக்கம் புழுக்கமா இருக்கு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பாய்கள் வந்தன. துணிக்கு எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாமல் எர்னஸ்ட் திகைத்து நின்றதை ஜேன் பார்த்தாள். அவன் திகைக்கும்போது நன்றாக இருக்கிறான் என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது.

அய்யாவும் பரஞ்சோதியின் தம்பியும் 1954இல் வீடு திரும்பினார்கள். பிறகு ஒருநாள் வேலியும் போயிற்று. கம்பிகளைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். அழகம்மா மீண்டும் வாளியைத் தூக்கிப் பால் மரத்துக்குப் போனார். ஆணியை மட்டும் அடுப்படிச் சுவரில் அடித்து, அதில் அரிக்கன் விளக்கை மாட்டினார். பிள்ளை இல்லாத குறையை அவர் குறையாகச் சொன்னதில்லை. இருபத்தைந்து ஆண்டுகள், லயன் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அவரிடம் சங்குக் கதை கேட்டு வளர்ந்தார்கள். இளவரசன் எப்போதும் இடது கைக்காரனாகவே இருந்தான்.

எர்னஸ்டை மணந்து சுங்கைப் பட்டாணியில் குடியிருந்த ஜேன், அவரைப் பார்க்க அடிக்கடி ஏழாங்கட்டைக்குப் போவாள். அய்யாவு காலமான பிறகு, 1981இல் அழகம்மாவுக்கு இதயம் பலவீனப்பட்டபோது, அவரைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். கூடத்தில் கட்டில் போட்டார்கள். கட்டிலுக்கு எதிரே தொலைக்காட்சிப் பெட்டி. எர்னஸ்ட் தலை நரைத்த பிறகும் ஏணி போட்டுக் கூரையில் ஏறி, அலைக்கம்பியை ஜெராய் மலையின் பக்கம் திருப்பி வைத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் மலாய்த் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. பழைய காலத்துக் கெடா அரசு. குரலை இழந்த இளவரசி. மலையுச்சியில் ஒரு சங்கு. முதல் வாரமே அழகம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நம்ப கதை டீச்சர்! மலாய்க்காரங்ககிட்டயும் இருந்திருக்கு பாருங்களேன்!" பிறகு முகத்தைச் சுளித்தார். "இவன் என்ன, வலது கையில வாள் பிடிக்கிறான்?"

பறக்கும் பாய், புகை கக்கும் பாம்பு, வண்ண வண்ண மின்னல் என எல்லாவற்றையும் அவர் வாரம் தவறாமல் ரசித்தார். வெள்ளிக்கிழமை வரும்வரை இருந்துவிட வேண்டும் என்பதற்காகவே மருந்தை முகம் கோணாமல் விழுங்கினார். பரஞ்சோதி தோட்டத்திலிருந்து பேருந்தில் வந்து, கூட உட்கார்ந்து, மந்திரவாதியை வைதுவிட்டுப் போவாள்.

கடைசிப் பகுதி வந்த வெள்ளிக்கிழமை, அழகம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மூன்று தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். மந்திரவாதி விழுந்தான். இளவரசன் அரண்மனைக்குள் நடந்து வந்தான். அவனுடைய கையில் சங்கு இருந்தது. இளவரசி நிமிர்ந்து பார்த்தாள். அழகம்மா கையை நீட்டி ஜேனின் முழங்கையைப் பிடித்தார். அந்தக் கை, அன்று திடலில் இருந்ததைப் போலக் குளிர்ந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தூக்கத்திலேயே போய்ச் சேரும்வரை, அப்போது கேட்ட இந்த ஒன்றைத் தவிர யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

"அதை அணைச்சு வைங்க டீச்சர், அரை நிமிஷம் மட்டும். அப்புறம் போடுங்க."